இரண்டாவது சாவி யாரிடம்

செப்டம்பர் 1, திங்கள்

இன்று முற்பகல் பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, பதினொரு நாள் ஆலோசனைக்குப் பிறகு, என் கோட்டையின் கொடியை நீலத்திலிருந்து மயில்கழுத்து நிறத்துக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். முடிவை உடனே அமல்படுத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை பரிசீலித்து மூன்று மணிக்கு அமல்படுத்தினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கருவூலத்தில் இருந்தவன் எதையும் மதியத்துக்கு முன் அமல்படுத்துவதில்லை.

பிற்காலத்தில் இதைப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கோட்டை என் கைப்பேசியில் இருக்கிறது. விளையாட்டின் பெயர் 'கொத்தளம்'. நான் ஓய்வுபெற்ற மறுவாரம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஞானமுத்து அதை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். சுவர் எழுப்ப வேண்டும், யானை வளர்க்க வேண்டும், நெல் சேமிக்க வேண்டும், சேமித்ததை எவனும் அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பணியிலிருந்து இது எந்த வகையில் வேறுபடுகிறது என்பதை நான்கு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். தற்போது ஐம்பத்தெட்டாம் நிலையில் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்றோர் எவரும் இந்த நிலையை எட்டியதில்லை. ஞானமுத்து முப்பத்தொன்றில் இருக்கிறார். அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

கொடி மாற்றத்தை என் மனைவி பகவதிக்குத் தெரிவித்தேன்.

"கொடிய மாத்தியாச்சா. ரொம்ப நல்லது. வாசல் பல்பு ஃப்யூஸ் போயி எட்டு நாளாச்சு. அதுக்கும் ஒரு கமிட்டி போடுங்க" என்றாள்.

பல்பு பரிசீலனையில் இருக்கிறது.

காலை 6.40க்கு ஒரு வண்டி விறகு வந்தது. ஒரு வண்டி நெல் அனுப்பினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

விறகு 6.41. நெல் அனுப்பப்பட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது. எடை சரி.

செப்டம்பர் 3, புதன்

விறகு பற்றி இதுவரை எங்கும் எழுதி வைக்கவில்லை. வைப்பது முறை.

'உலகா' என்ற கோட்டையிலிருந்து தினமும் காலை ஒரு வண்டி விறகு எனக்கு வருகிறது. பதிலுக்கு நான் ஒரு வண்டி நெல் அனுப்புகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக ஒரு நாளும் தவறாத ஏற்பாடு இது. எனக்கு விறகு தேவையில்லை. கிட்டங்கி நிறைய விறகு இருக்கிறது. அந்தக் கோட்டையின் உரிமையாளர் உலகம்மை, வயது முப்பத்து மூன்று, ஓசூரில் ரோஜா நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். எனக்கு மகள்.

தேர்வு எழுதி வென்று, கருவூலத்திலேயே இளநிலைக் கணக்கர் வேலையில் அமர்ந்து, மூன்று ஆண்டுகளில் அதை ராஜினாமா செய்துவிட்டு அவள் ரோஜாவுக்குப் போனாள். அது தொடர்பாக என் கருத்துகளை ஏழு பக்கக் கடிதமாக எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவள் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவளும் தாயாரும் போனில் தினமும் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் இருவருக்கிடையே கடிதப் போக்குவரத்து நிலுவையில் இருக்கிறது. விறகில் எழுத்து எதுவும் இருப்பதில்லை. என் நெல்லிலும் இல்லை.

இன்றைய முக்கிய நிகழ்வு வேறு. விளையாட்டை நடத்தும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'அன்புள்ள வீரரே' என்று தொடங்கியது. கணக்குகள் திருடுபோவதால் ஒவ்வொருவரும் இரட்டைப் பாதுகாப்பு வைத்துக்கொள்ள வேண்டுமாம். முதலில் கடவுச்சொல். பிறகு ஒரு போன் எண்ணுக்கு ஆறு இலக்க எண் வரும். இரண்டும் இருந்தால்தான் கோட்டை திறக்கும்.

படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கருவூலத்தின் பெட்டக அறைக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றது பொருளாளரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இந்த நிறுவனத்துக்கு இது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் நிறுவனம் தவறிழைத்திருக்கிறது. ஆறு இலக்க எண்ணை என் போனுக்கே அனுப்புவதாகச் சொல்கிறார்கள். கடவுச்சொல்லும் என்னிடம், எண்ணும் என்னிடம் என்றால் இரண்டு சாவியும் ஒரே சட்டைப்பையில் இருப்பதாகும். என் பணிக்காலத்தில் இதற்காகவே ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறேன். ஆகவே இரண்டாவது சாவியை வேறொரு பொறுப்பான நபரிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தேன்.

விளையாட்டில் எங்கள் படையின் துணைத் தளபதி 'வீரவாள்77'. சேலத்துக்காரர் என்று சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் எது சொன்னாலும் 'சரிங்க ஐயா' என்று எழுதுவார். பணியில் இருந்தபோது எனக்கு அப்படி ஒரு துணை அமையவில்லை. அவருடைய போன் எண்ணையே இரண்டாவது சாவிக்குரிய எண்ணாகப் பதிந்தேன்.

'பெற்றுக்கொண்டேன் ஐயா' என்று ஒப்புகை தந்தார்.

பகவதியிடம் ஏற்பாட்டை விளக்கினேன்.

"மொகம் தெரியாதவன்ட்ட சாவியக் குடுத்துட்டு வந்து நிக்கீங்க. நம்ம வீட்டுச் சாவி ஒண்ணும் ஆணியில தொங்குது. அதையும் சேத்து அனுப்பிருங்க" என்றாள்.

கருவூல நடைமுறை தெரியாதவர்களிடம் இதற்கு மேல் விவாதிப்பதில்லை.

விறகு 6.40. நெல் அனுப்பப்பட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

இரட்டைப் பூட்டுக்குப் பின் முதல் நாள். கோட்டை அமைதியாக இருக்கிறது. விறகு, நெல், வழக்கம்போல்.

ஒரு சிறு குறிப்பு, முழுமைக்காக. சாவிகளுக்கு மாற்றுச் சாவி வைத்து அதை வெளியிடத்தில் ஒப்படைப்பதும் கருவூல வழக்கம். அதன்படி கடந்த ஜூனில், நாங்கள் காசிக்குப் போனபோது, என் கடவுச்சொல்லின் மாற்றுப் பிரதி ஒன்றை ஒப்புகை பெற்று ஒப்படைத்திருந்தேன். பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். பெற்றுக்கொண்டவர்: வீரவாள்77.

பதிவேடு ஒழுங்காக இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

காலை 6.35க்குக் கோட்டை திறக்கவில்லை. 'கடவுச்சொல் தவறு' என்றது. ஒன்பது முறை முயன்றேன். விரலைத் துடைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை.

விறகு வந்ததா என்று தெரியவில்லை. நெல் அனுப்பப்படவில்லை. நானூற்றுப் பதினான்காம் நாள்.

செப்டம்பர் 6, சனி

வீரவாளின் எண்ணுக்குப் போன் செய்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. அவருக்கு ஏதும் விபத்து நேர்ந்திருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. சேலம் நெடுஞ்சாலையில் லாரிகள் அதிகம்.

மாலை ஞானமுத்துவைச் சந்தித்தேன். வ.உ.சி. மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து தம் போனில் என் கோட்டையைத் தேடினார். கண்டதும் டீயைக் கீழே வைத்தார்.

"ஓய் ஆவுடையப்பன், உம்ம கோட்டையில பச்ச வெளக்கு எரியுதுவே. உள்ள ஆள் இருக்கான்."

"நான் இங்கே இருக்கிறேனே" என்றேன்.

"அதத்தான் சொல்லுதேன். நீரு இங்கன டீ குடிக்கீரு. அங்கன உம்ம யானைய ஒண்ணொண்ணா ஓட்டிட்டுப் போறான். அன்னைக்கி எத்தன யான வச்சிருந்தீரு?"

"நாற்பது."

"இப்ப ஆறு நிக்கி. ஏழாவது போயிட்டிருக்கு. கொடியும் மாறிட்டுவே. கருப்பு."

பதினொரு நாள் ஆலோசனைக்குப் பின் வைத்த கொடி அது.

"அந்தச் சேலத்தான்ட்ட எதையும் குடுத்தீரா?" என்று கேட்டார்.

விதிப்படி ஒப்படைத்ததைச் சொன்னேன். ஞானமுத்து ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு, "முப்பத்தெட்டு வருசம் போஸ்டாபீஸ்ல இருந்தேன். ஊரான் வீட்டு லெட்டரு எல்லாம் என் கையில. ஒருத்தனும் பூட்டையும் சாவியையும் ஒரே கவர்ல போட்டு அனுப்புனதில்லவே. நீருதான் மொதல்" என்றார்.

டீயில் சர்க்கரை அதிகம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஓட வைத்தேன். உலகம்மையின் விறகு எங்கே போகிறது என்பது குறித்து எதுவும் தெரியவில்லை. நெல் போகாதது அவளுக்கு மூன்று நாளாகத் தெரிந்திருக்கும். ஏற்பாட்டை நான் ஒருதலைப்பட்சமாக முறித்துக்கொண்டதாக அவள் கருத இடமிருக்கிறது.

பகவதியிடம், போனில் பேசும்போது இதைச் சாதாரணமாக அவளுக்குத் தெரிவிக்கும்படி சொல்லலாம். சாதாரணமாகத் தெரிவிப்பதற்கான வாசகத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கும் குறிப்பாணை மாதிரி வந்தன. சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்துக்குப் போனேன். உதவி ஆய்வாளர் மரியபாக்கியம் என்ற பெண். என் மனுவை முழுதும் படித்தார். இணைப்புகள் அ முதல் ஊ வரை இருந்தன, அவற்றையும் படித்தார். மரியாதைக்குரிய அதிகாரி.

"சார், ஒரு விசயம் கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ரெண்டு சாவியும் ஒரே ஆள்ட்ட இருக்கப்படாதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம். அடிப்படை விதி."

"கடைசியில ரெண்டும் ஒரே ஆள்ட்டதான சார் இருந்துருக்கு? அவன்ட்ட."

இந்தக் கேள்விக்குரிய பதிலைப் பின்னர் எழுத்துமூலம் தருவதாகச் சொன்னேன்.

பிறகு நான் என் ஐயத்தைக் கேட்டேன். யானையும் நெல்லும் நிஜமில்லை. இதைத் திருடி ஒருவனுக்கு என்ன லாபம்?

"எல்லாரும் இதையேதான் சார் கேக்காங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க நாலு வருசமா உக்காந்து அம்பத்தெட்டாம் நெல வரைக்கும் வந்தீங்கல்லா. அந்த நாலு வருசத்த வெல குடுத்து வாங்க ஆள் இருக்கு. ஒழைக்காம பெரிய கோட்ட வேணும்னு அலையுத பயலுவ நெறைய. யானைய தனியா விப்பான், கோட்டைய தனியா விப்பான். பேங்கு கார்டு சேத்து வச்சிருந்தா அதையும் வழிச்சிருவான். வச்சிருந்தீங்களா?"

"இல்லை. அது மூன்றாவது சாவி. பகவதியிடம் இருக்கிறது."

"தப்பிச்சீங்க. ஆனா அதெல்லாம் சில்லறை சார். பெரிய சமாச்சாரம் என்ன தெரியுமா? உங்க நண்பர்கள் பட்டியல். உங்க பேர்ல போயி அவங்கள்ட்ட பேசுவான். நீங்கன்னு நெனச்சு அவங்களும் பேசுவாங்க. ரெண்டு நாள் நல்லா இருக்கியா சாப்டியான்னு கேட்டுட்டு, மூணாம் நாள் அவங்க சாவியக் கேப்பான். அந்நியன் கேட்டா ஒருத்தரும் குடுக்க மாட்டாங்கல்லா. அப்பா கேட்டா, அண்ணன் கேட்டா குடுத்துருவாங்க. உங்க யான ஒண்ணுமில்ல சார். உங்க பேருதான் சரக்கு."

என் பேரில் பேசினால் சந்தேகம் வந்துவிடும் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை என்பதைச் சொன்னேன்.

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கணக்கை முடக்கி வைக்கும்படி நிறுவனத்துக்கு எழுதுவதாகவும், அவர்கள் அனுப்பும் படிவத்தைப் பூர்த்தி செய்து தரும்படியும் சொன்னார். படிவம் உண்டு என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

பகவதி மதியம் போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, உலகாட்ட என்ன சொன்னீங்க?"

"நான் எதுவும் சொல்லவில்லை."

"மூணு வருசமா அதான் தெரியுமே. இப்ப என்ன சொன்னீங்கன்னு கேக்கேன். அவ சிரிச்சிச் சிரிச்சிப் பேசுதா. அப்பா காச்சல் விட்டுட்டான்னு கேட்டாங்கம்மாங்கா. அவளுக்குக் காச்சல்னு எனக்கே இப்பதான் தெரியும்."

ஆவணங்கள் கிடைத்த பிறகு விளக்கம் தரப்படும் என்றேன்.

"நீங்க என்ன சொல்லியிருந்தாலும் சரி. அப்பிடியே சொல்லிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

செப்டம்பர் 10, புதன்

கருவூலத்தில் ஆண்டு நேர்காணல். ஓய்வூதியர் உயிரோடிருப்பதை நேரில் காட்ட வேண்டும். இயந்திரம் என் கட்டைவிரலை நான்கு முறை ஏற்கவில்லை. ரூபாய் நோட்டு எண்ணித் தேய்ந்த விரல். இருக்கையில் இருந்த பெண் எனக்குக் கீழே பயின்றவள். "ஐயாவ எனக்குத் தெரியும், மிஷினுக்குத்தான் தெரியல" என்றாள். ஐந்தாவது முறை ஏற்றது. நான் நான்தான் என்று ரசீது கொடுத்தார்கள்.

கணக்கு முடக்கப்பட்டது என்று நிறுவனத்திலிருந்து மாலை தகவல்.

செப்டம்பர் 11, வியாழன்

படிவம் வந்தது. இருபத்தொரு பக்கம். கணக்கு 5ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை அந்நியர் கையில் இருந்ததாக நான் கோருவதால், அந்நாட்களில் அதில் நடந்த இருநூற்றுப் பதினான்கு நடவடிக்கைகளையும் எண்ணிட்ட இனங்களாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: 'என்னுடையது', 'என்னுடையதல்ல'. தெளிவான படிவம். வரைந்தவரைச் சந்திக்க விரும்புகிறேன்.

கடைசிப் பக்கத்தில் மூன்று நிபந்தனைகள். ஒன்று: எல்லாம் 'என்னுடையதல்ல' எனில் கோட்டையும் யானைகளும் முழுமையாகத் திருப்பித் தரப்படும், அந்நாட்களில் என் கணக்கிலிருந்து செய்தி பெற்ற அனைவருக்கும், அந்தச் செய்திகள் என்னுடையவை அல்ல என்று அறிவிப்பு அனுப்பப்படும். இரண்டு: ஒரு நடவடிக்கையையேனும் என்னுடையது என்று ஏற்றால், கணக்கு அந்நாட்களில் என் வசமே இருந்ததாகக் கொள்ளப்படும். மூன்று: அவ்வாறெனில் யானைகளை விதிக்குப் புறம்பாக விற்றவனும் நானே என்றாகும், கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

நியாயமான நிபந்தனைகள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன். சிவப்பு மை, பச்சை மை, அளவுகோல்.

1 முதல் 40 வரை யானை விற்பனை. என்னுடையதல்ல. தயங்காமல் குறித்தேன்.

41. செய்தி. பெறுநர்: உலகா. 'ஹாய் மா எப்டி இருக்க சாப்டியா.'

ஒரே வரியில் மூன்று பிழை. என்னுடையதல்ல என்று குறிக்கப் பேனாவைக் கொண்டுபோனேன். கீழே பெறுநரின் பதிலையும் அச்சிட்டிருந்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து எழுதியிருக்கிறாள். 'அப்பா?' பிறகு, இரண்டு நிமிடம் கழித்து, 'சாப்பிட்டேன்பா. நீங்க?'

பேனாவை மூடி வைத்துவிட்டு மேலே படித்தேன்.

58. 'ம் சாப்டேன். வேலலாம் எப்டி போகுது.'

இதற்கு அவள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆகஸ்ட் மழையில் வேர் அழுகி நானூறு நாற்று போய்விட்டதாம். கூட இருந்த தோழி கல்யாணமாகிப் போன பிறகு தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறாளாம். 'நீங்க அந்த லெட்டர்ல அஞ்சாம் பக்கத்துல சொன்னது அப்படியே நடந்துருமோன்னு தினமும் பயந்துக்கிட்டே எந்திக்கிறேன்பா.'

ஐந்தாம் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று நகலை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

63. 'விடு மா எல்லாம் சரி ஆய்டும். நீ பாத்துப்ப.'

அவள் அந்த விவரத்தை எனக்கு எழுதியிருந்தால், நாற்றுகளுக்குக் காப்பீடு இருந்ததா என்று கேட்டிருப்பேன். அது பொருத்தமான கேள்வி. 63ஆம் இனத்தில் தகவல் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த நாள்தான் நர்சரிக்குப் போய்ப் புது மண் இறக்கியதாகவும், இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றும் அவள் எழுதியிருக்கிறாள்.

97. 'காச்சல் விட்ருச்சா.' அவள்: 'விட்ருச்சுப்பா. நீங்க இப்படில்லாம் பேசமாட்டீங்களே.'

98. 'வயசாகுதுல மா.'

விவர அளவில் இது சரி.

131. 'வீட்டுக்கு எப்ப வர.' அவள்: 'வரவா?'

132. 'வா மா இதுல என்ன கேள்வி.'

அனுமதி வழங்கும் அதிகாரம் என்னுடையது. வழங்கப்பட்டது 9ஆம் தேதி பிற்பகல் 4.06க்கு. அப்போது நான் வாசலில் பல்பு ஹோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

209. 'உன் போன்க்கு ஒரு நம்பர் வரும் மா. அத எனக்கு அனுப்பு, கிஃப்ட் இருக்கு.'

உதவி ஆய்வாளர் சொன்ன மூன்றாம் நாள். அவள் பதில்: 'சோதிச்சுப் பாக்கீங்களாப்பா? ரெண்டு சாவியும் ஒரே கையில இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. கடவுச்சொல்லு அம்மாட்டயும் சொன்னதில்ல. நம்பர் யாருக்கும் தரமாட்டேன், உங்களுக்கும்தான். டிக்கெட் போட்டாச்சு. இருபதாம் தேதி காலைல வாரேன்.'

இதற்கு அவன் பதில் எழுதவில்லை. அவளும் காத்திருந்ததாகத் தெரியவில்லை. 210 முதல் 214 வரை: 5ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை அவள் அனுப்பிய ஐந்து வண்டி விறகு. விற்பனை.

செய்திகள் மொத்தம் பதினேழு. மதியம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 13, சனி

பகவதியிடம் ஒரு வாசகம் கொடுத்து, உலகம்மைக்குப் போனில் அப்படியே படித்துக் காட்டச் சொன்னேன்: போனுக்கு வரும் எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. 9ஆம் தேதி அவள் கொடுக்காதது சரி.

பகவதி படித்தாள். மறுமுனையில் பேசியதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "பாஸா ஃபெயிலான்னு கேக்கா."

"பாஸ்" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞானமுத்து வீட்டுக்கே வந்துவிட்டார். "படிவத்த அனுப்பிட்டீரா? எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு போட்டுட்டு அனுப்பும்வே. திங்கக்கெழம நாப்பது யானையும் வாசல்ல நிக்கும்" என்றார்.

படிவத்தை வாங்கிப் புரட்டினார். 41ஆம் இனத்தில் நின்றார்.

"இது என்னவே, இதுக்கு 'என்னுடையது'ன்னு டிக் அடிச்சிருக்கீரு?"

"சரிபார்க்கப்பட்டது."

"ஹாய் மான்னு நீரு எழுதுனீரா?"

நான் ஆவணத்துக்கு அப்பாற்பட்டுப் பேச விரும்பவில்லை என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பதினேழு டிக்கையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "ஏ அம்மா பகவதி, இங்க வாங்க. ஒங்க வீட்டுக்காரரு கோட்டைய இடிக்காரு" என்றார்.

பகவதி வந்து படிவத்தைப் பார்த்தாள். அவள் 41ஐ மட்டும் படித்தாள், 58க்குப் போகவில்லை. உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஞானமுத்துவுக்கு ஒரு காப்பியும் எனக்கு இரண்டாவது காப்பியும் வந்தன. நான் கேட்கவில்லை. திருமணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இரண்டாவது காப்பி கேட்காமல் வந்ததில்லை. காரணம் தெரியவில்லை.

என் பணிக்காலத்தில் நான் கையெழுத்திட்ட எந்த ஆவணத்திலும் தவறான தகவல் இருந்ததில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் படிவத்தைக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

உதவி ஆய்வாளர் மரியபாக்கியம் போன் செய்தார். நிறுவனம் படிவத்தின் நகலை அவருக்கும் அனுப்பியிருக்கிறது.

"சார், நீங்களே எழுதுனதுன்னு போட்டுட்டீங்க. அப்பம் என் பக்கம் கேஸே இல்ல சார்."

"இல்லை" என்றேன்.

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "யாருக்கு சார் அந்த மெசேஜ் போயிருக்கு, உலகா?"

"மகள்."

"சரி சார்" என்றார். "வாபஸ் மனு ஒண்ணு குடுத்துருங்க. இணைப்பு ஒண்ணும் வேண்டாம்."

செப்டம்பர் 18, வியாழன்

மாடி அறை கூட்டப்பட்டது. கொசுவலையில் ஏழு ஓட்டை, அடைக்கப்பட்டன. அந்த அறையில் இருந்த ராஜினாமா தொடர்பான கோப்பை என் அலமாரிக்கு மாற்றினேன். இடம் போதாததால், ஏழு பக்க நகலில் ஐந்தாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

சொதிக்கு மூன்று தேங்காய், முருங்கைக்காய், பாசிப்பருப்பு, இஞ்சி வாங்கினேன். இஞ்சிப் பச்சடி இல்லாமல் அவள் சொதி சாப்பிட மாட்டாள் என்று பகவதி சொன்னாள். எனக்கும் தெரியும்.

வாசல் பல்பு மாற்றப்பட்டது.

செப்டம்பர் 20, சனி

ரயில் வருவதற்கு ஐம்பது நிமிடம் முன்பே ஜங்ஷனில் இருந்தேன். உலகம்மை ஒரு பையும், ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு ரோஜாச் செடியுமாக இறங்கினாள். முன்பைவிட மெலிந்திருக்கிறாள். கையில் மண்வெட்டிக் காய்ப்பு.

அவள் ஏதும் சொல்வதற்கு முன், வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்: "சாப்டியா."

இது 41ஆம் இனத்தோடு ஒத்துப்போகிறது.

அவள் என்னைப் பார்த்தாள். பிளாட்பாரத்தில் ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "மதுரைல ரெண்டு இட்லிப்பா" என்றாள். பிறகு, "நெல்லு ரெண்டு வாரமா வரலயே" என்றாள்.

"காப்பீடு இருந்ததா?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

"அதான பாத்தேன்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். ஆட்டோ ஏறும்வரை நிறுத்தவில்லை. எதற்கென்று கேட்கவில்லை. செடிகளை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்; வேட்டியில் மண்.

முற்பகல் பதினொரு மணிக்கு நிறுவனத்தின் கடிதம் வந்தது. என் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

மூன்று தேங்காய் போதவில்லை. போய் இன்னொன்று வாங்கி வந்தேன்.